நாட்டுப் படலம் இல்லாத நகரப் படலம்

நம் தமிழ்க் காப்பியப் புலவர்கள் ஒரு நகரைப் பாட எடுத்துக்கொண்டால், நேரே கோட்டை வாயிலில் போய் நிற்பதில்லை. முதலில் மேகம் கடலுக்குச் செல்லும், நீர் முகந்து மலைமேல் ஏறும், மழை பெய்யும், அருவி இழியும், ஆறு பெருகும், வயல் விளையும். இவ்வளவும் நடந்தேறிய பின்னரே நகரத்து மாடங்கள் நம் கண்ணில் படும். கம்பர் ஆற்றுப் படலத்தையும் நாட்டுப் படலத்தையும் பாடி முடித்த பிறகுதான் நகரப் படலத்துக்கு வருகிறார். உமறுப் புலவரும் சீறாப்புராணத்தின் விலாதத்துக் காண்டத்தில், கடவுள் வாழ்த்தை அடுத்து நாட்டுப் படலத்தை வைத்து, அதன் பின்னரே நகரப் படலத்தைப் பாடியுள்ளார்.

இதனை ஒரு குறையாகச் சொல்லும் திறனாய்வாளர்கள் உண்டு. மக்கமா நகர் பயிர் விளையாத பள்ளத்தாக்கில் அமைந்தது. அங்கே ஆற்றுப் பெருக்கும் மருத வளமும் எங்கிருந்து வந்தன என்று அவர்கள் கேட்பர். தமிழ் மரபுக்காகப் புலவர் உண்மையை விட்டுக்கொடுத்தார் என்பது அவர்தம் முடிவு. நாமும் இளமையில் அவ்வாறே எண்ணியதுண்டு. ஆனால் படலங்களின் உள்ளே உள்ள வருணனையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, படலங்களின் வரிசையை மட்டும் நோக்கினால் வேறோர் உண்மை புலனாகும். மக்கா தன் நிலத்தில் விளைந்ததை உண்ட நகரம் அன்று. தாயிப் மலைநகரில் பழுத்த கனியும், வணிகக் கூட்டம் ஒட்டகத்தில் ஏற்றிவந்த தானியமுமே அதன் உணவு. ஆகவே அந்நகருக்கும் ஒரு நாடு இருந்தது. அது சற்றுத் தொலைவில் இருந்தது, அவ்வளவே. நாட்டைச் சொல்லாமல் நகரைச் சொன்னால் அச்சொல் நிறைவு பெறாது என்பது இவ்வரிசையின் பொருள். இது வெறும் அலங்காரம் அன்று. நகரம் எதனால் வாழ்கிறது என்பது பற்றிய ஒரு கொள்கை என்க.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு, நம் மாநிலத்து மலைநகர் ஒன்றின் வரலாறு எவ்வாறு எழுதப்பட்டு வருகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பழனி மலைத் தொடரின் மேல், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ள கொடைக்கானலே அந்நகர். வழிகாட்டி நூல்களிலும், நினைவு மலர்களிலும், பயணக் கட்டுரைகளிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் அதன் வரலாற்றை நாம் ஒரு நூலாகவே பாவித்துத் திறனாய்வு செய்ய விரும்புகிறோம். அந்நூலின் குறையை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: அது நாட்டுப் படலம் இல்லாத நகரப் படலம்.

இப்னு கல்தூனின் உரைகல்

நகரங்களைப் பற்றி ஆராய்ந்த அரபு அறிஞர்களுள் தலையாயவர் இப்னு கல்தூன் (1332–1406). ஹிஜ்ரி 779இல், அதாவது கி.பி. 1377இல் அவர் எழுதிய முகத்திமாவின் நான்காம் அதிகாரம் நாடுகளையும் நகரங்களையும் பற்றியது. அதில் மூன்று கருத்துகள் நமக்கு ஈண்டுப் பயன்படும்.

முதலாவது: அரசு முன்னது, நகரம் பின்னது. பெருநகரை எழுப்பப் பெருந்தொகையான உழைப்பாளிகளை ஒன்றுதிரட்ட வேண்டும். அது ஆட்சியின் ஆணையாலன்றி நடவாது. இரண்டாவது: நகருக்கு இடம் தேர்வோர் பகைவரிடமிருந்து காப்பு, நல்ல காற்று, அண்மையில் இனிய நீர், மேய்ச்சல் நிலம், விளைநிலம், விறகு ஆகிய அனைத்தையும் நோக்க வேண்டும். கூஃபா, பஸரா, கைரவான் ஆகிய நகரங்களை அமைத்த அரபியர் தம் ஒட்டகங்களுக்கு மேய்ச்சல் உண்டா என்பதை மட்டும் பார்த்தனர். மற்றவற்றைப் பாராமையால் அந்நகரங்கள் விரைவில் சிதைவுக்கு ஆளாயின என்று, தம் இனத்தார் என்றும் பாராமல் அவர் கண்டிக்கிறார். மூன்றாவதே மிக நுட்பமானது: நகரை எழுப்பிய அரசு மறைந்த பின் அந்நகரின் கதி என்ன? சுற்றியுள்ள மலைகளிலும் சமவெளிகளிலும் மக்கள் வாழ்ந்து, அவர்கள் இடைவிடாமல் நகருக்குள் வந்து சேர்ந்துகொண்டிருந்தால் நகரம் பிழைக்கும். இல்லையேல் நிறுவியவரோடு நகரமும் மறையும். மலைகளால் உயிர் பெற்ற நகரங்களுக்கு மேற்கில் ஃபாஸ், பிஜாயா ஆகிய இரண்டையும் அவர் சான்றாகக் காட்டுகிறார்.

இக்கருத்துக்கு அப்பாஸியர் வரலாற்றிலேயே விளக்கம் உண்டு. கலீஃபா மன்சூர் ஹிஜ்ரி 145இல் (கி.பி. 762) பக்தாதை வட்ட வடிவில் அமைத்தார். நகரின் வட்டத்தைத் தரையில் சாம்பலால் வரைந்து காட்டச் செய்து, அதன் மேல் நடந்து பார்த்த பிறகே அவர் அடிக்கல் நாட்டினார் என்பர். நான்கு வாயில்கள், நடுவே அரண்மனை என்று அத்தனையும் திட்டமிட்டபடி எழுந்தன. அந்த வட்டக் கோட்டை இன்று இல்லை. ஆயினும் பக்தாது இருக்கிறது. காரணம், தஜ்லாவும் ஃபுராத்தும் பாயும் நாடு அதைச் சுற்றி இருந்தமையே. கி.பி. 836இல் கலீஃபா முஃதஸிம் எழுப்பிய சாமர்ராவோ அதனினும் பரந்து விரிந்த தலைநகர். அதன் குடிநீரைத் தஜ்லாவிலிருந்து தோற்பைகளில் நிரப்பிக் கோவேறு கழுதைகளின் மேலும் ஒட்டகங்களின் மேலும் சுமந்துவர நேர்ந்தது. 892இல் கலீஃபா பக்தாதுக்குத் திரும்பியதும் சாமர்ராவின் பெரும்பகுதி வெறுமையாயிற்று. இரண்டும் திட்டமிட்ட நகரங்களே. ஒன்றுக்கு நாடு இருந்தது, மற்றொன்றுக்கு அரண்மனை மட்டுமே இருந்தது.

சொல்லப்படும் வரலாறு

இனிக் கொடைக்கானலுக்கு வருவோம். வழக்கமாகச் சொல்லப்படும் வரலாற்றின் சுருக்கம் இது. 1821இல் வார்டு என்னும் ஆங்கிலேய நில அளவை அதிகாரி பழனி மலைகளை அளந்தார். மதுரையில் பணியாற்றிய அமெரிக்கக் கிறித்தவ ஊழியர்களின் குடும்பங்களில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலர் பலியாயினர், குழந்தைகள் இறந்தனர். உயர்ந்த இடம் தேடி அவர்கள் முதலில் சிறுமலைக்குப் போயினர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. 1845இல் பழனி மலைமேல் ஏறி இரண்டு வீடுகளைக் கட்டினர். 1863இல் மதுரை மாவட்ட ஆட்சியர் வியர் ஹென்றி லெவிஞ்ச், ஓடைகள் கூடும் சதுப்பு நிலத்தின் வாயில் அணையிட்டு, விரிந்த விண்மீன் வடிவிலான ஏரியை உண்டாக்கினார். ஓய்வு பெற்ற பின்னும் அங்கேயே தங்கி, தம் பொருளையும் அந்நகருக்குச் செலவிட்டார். 1872இல் கோக்கர் என்னும் படை அதிகாரி மலைவிளிம்பில் நடைபாதை அமைத்தார். 1875இல் தென்னிந்திய இருப்புப்பாதை மதுரையை எட்டியது. அம்மையநாயக்கனூரில் உள்ள நிலையமே பின்னர் கொடைக்கானல் ரோடு என்று பெயர் பெற்றது. 1899இல் நகராட்சி ஏற்பட்டது. அதே ஆண்டில் சூரிய ஆய்வுக்கூடமும் நிறுவப்பட்டது. 1901இல் பின்னாளில் பன்னாட்டுப் பள்ளியாக வளர்ந்த கல்விக்கூடம் தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தில் லாஸ் காட் சாலை வழியே மோட்டார் வண்டி ஏறியது.

இவ்வரலாற்றில் பொய் இல்லை. அதை முதலில் ஒப்புக்கொள்வோம். அதில் நம் மனத்தைத் தொடும் பகுதியும் உண்டு. பெற்ற குழந்தைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடக்கம் செய்த பெற்றோர் குளிர்ந்த காற்றைத் தேடி மலை ஏறியதை ஏளனம் செய்ய எவராலும் இயலாது. மேலும், நீலகிரியின் உதகமண்டலத்தோடு ஒப்பிட்டால் கொடைக்கானலின் தனித்தன்மை விளங்கும். உதகை 1870 முதல் சென்னை மாகாண அரசின் கோடைத் தலைநகர்; ஆளுநரும் அலுவலகமும் கோப்புகளும் ஆண்டுதோறும் அங்கே ஏறின. வடக்கே சிம்லா 1864 முதல் இந்திய அரசுக்கே அவ்வாறு பயன்பட்டது. கொடைக்கானலுக்கோ அந்தத் தகுதி என்றும் கிட்டவில்லை. அதைத் தொடங்கியவர்கள் ஆட்சியாளர் அல்லர். நோயினின்றும் தப்ப வந்தவர்கள். அரசு முன்னது, நகரம் பின்னது என்ற இப்னு கல்தூனின் விதிக்கு இது ஓரளவு விலக்கு. ஓரளவு என்கிறோம், ஏனெனில் ஏரியை உண்டாக்கியது ஓர் ஆட்சியரின் கைதான்.

அப்படியானால் குறை எங்கே? தொடக்கத்தில்தான். அவ்வரலாறு ஆளில்லா மலையில் இரண்டு வீடுகள் எழுந்ததாகத் தொடங்குகிறது. அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் பின்னர் ஏதோ ஓரிடத்தில், மரம் செடி கொடிகளோடும் காட்டெருமையோடும் சேர்த்து, 'மலைவாழ் மக்கள்' என்ற தலைப்பின் கீழ் ஒரு பத்தியில் வந்து போகின்றனர். நூலின் முதல் படலமாக இருக்க வேண்டியது பின்னிணைப்பாகிவிட்டது.

விடுபட்ட படலம்

சென்ற ஆண்டு பூண்டு அறுவடைக் காலத்தில் நாம் பூம்பாறைக்குச் சென்றிருந்தோம். கொடைக்கானலுக்கு மேற்கே, மலைச்சரிவைப் படிப்படியாகச் செதுக்கி வேளாண்மை செய்யும் ஊர் அது. வீட்டு முன்றிலில் பூண்டை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நம் தொப்பியையும் தாடியையும் பார்த்துவிட்டு, "வாங்க பாய், டவுனப் பாக்க வந்தீங்களா, மலையப் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார். "ரெண்டையும்தாங்க ஐயா" என்றோம். அவர் சிரித்தார். "எங்க ஊரு டவுனுக்கு எத்தன கிலோமீட்டர்னு ரோட்டுல போர்டு இருக்கு பாய். டவுனு எங்களுக்கு எத்தன கிலோமீட்டர்னு ஒரு போர்டும் இல்ல" என்றார். அவர் வேடிக்கையாகச் சொன்னதுதான். நமக்கோ அன்று இரவு முழுதும் அந்தச் சொல் நினைவை விட்டு அகலவில்லை. எங்கிருந்து தூரத்தை அளக்கிறோமோ அங்கிருந்துதான் வரலாற்றையும் அளக்கிறோம்.

பூம்பாறைக்கு அருணகிரிநாதரின் திருப்புகழில் பாடல் உண்டு. அவர் 15ஆம் நூற்றாண்டினர். அப்படியாயின் 1845இல் இரண்டு வீடுகள் எழுவதற்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் முன்னரே இம்மலையில் கோயிலும் குடியும் பாட்டும் இருந்தன. இங்குள்ள குன்னுவர் கொங்குச் சமவெளியிலிருந்து மலையேறி வந்தோர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. படிவயல் அமைத்து, ஓடைநீரை வாய்க்காலில் திருப்பிப் பாய்ச்சி, குளிர்மலையை விளைநிலமாக்கியவர்கள் அவர்கள். பளியர் தேனும் கிழங்கும் தேடிக் காட்டின் ஒவ்வொரு வழியையும் அறிந்தவர்கள். புலையர் என்னும் பழங்குடியாரும் இம்மலைக்கு உரியவர்களே.

இவர்களுக்கும் முற்பட்ட காலத்துக்குக் கற்கள் சான்று கூறுகின்றன. தாண்டிக்குடி, பெருமாள்மலை, பேத்துப்பாறை முதலிய இடங்களில் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் இருக்கின்றன. இவற்றை முதலில் முறையாக ஆய்ந்து ஒரு நூலாக 1928இல் வெளியிட்டவர்கள் ஆங்லேடு, நியூட்டன் என்னும் கிறித்தவப் பாதிரிமார் இருவர் என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். வந்தவர்களிலும் நாட்டைக் கண்டவர்கள் இருந்தனர். அவர்கள் கண்டது நகர வரலாற்றில் ஏறவில்லை என்பதே நம் குறை.

சங்க இலக்கியத்தையும் நோக்குவோம். பழனியின் பழம்பெயர் பொதினி. அதனை மாமூலனார் அகநானூற்றில் குறித்துள்ளார். குளிரால் நடுங்கியதென்று எண்ணி மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் இம்மலை நாட்டுத் தலைவன். கபிலரும் பரணரும் அவனைப் பாடியுள்ளனர். மயிலின் குளிரை நினைத்த வள்ளல் குளிர்மலைக்காரனாக இருந்தது பொருத்தமே அன்றோ! புறநானூற்றின் 205ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார் கடிய நெடுவேட்டுவனைக் கோடை என்னும் மலைக்கு உரியவனாகப் பாடுகிறார். அந்தக் கோடைமலை இன்றைய கொடைக்கானல் பகுதியே என்று கூறும் அறிஞர் உண்டு. நகரின் பெயர்க்காரணத்தை அதனோடு இணைப்போரும் உண்டு. பெயர் ஆராய்ச்சியில் நாம் முடிவு கூறத் துணியவில்லை. ஆயினும் இத்துணைச் செய்திகளும் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, ஒரு நகரத்தின் வரலாறு நில அளவைச் சங்கிலியோடு தொடங்க வேண்டிய கட்டாயம் என்ன என்றே கேட்கிறோம்.

ஏரியைப் படித்தல்

கொடைக்கானலின் திட்டத்துக்கு மையம் அதன் ஏரி. பிற நகரங்களில் அரண்மனையோ கோயிலோ சந்தையோ நடுவில் இருக்கும்; இங்கே நீர் நடுவில் இருக்கிறது. சுற்றிலும் சாலை, சாலைக்கு மேல் சரிவுகளில் ஒன்றையொன்று தொடாமல் தோட்டங்களுக்குள் ஒதுங்கிய வீடுகள், கடைவீதியும் உழைப்பாளர் குடியிருப்பும் ஏரிக்காட்சிக்கு அப்பால். யாருக்கு எது கண்ணில் படவேண்டும், எது படக்கூடாது என்பதை ஆய்ந்தே இத்திட்டம் அமைந்ததுபோல் தோன்றும். அழகு என்ற வகையில் இதற்கு நாம் முழு மதிப்பெண் தருவோம். பனி விலகும் காலையில் அந்நீர்ப்பரப்பைக் கண்டவர் லெவிஞ்சை வாழ்த்தாமல் வரமுடியாது.

ஆனால் அந்த ஏரி எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்று கேட்டால்தான் படிப்பு முழுமை பெறும். சோலைக்காடும் புல்வெளியும் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, சிறுகச் சிறுக ஓடையில் விடுகின்றன, ஓடைகள் சதுப்பில் கூடின, சதுப்பு ஏரியாயிற்று. ஏரியின் மிகைநீர் மலைப்பாதை ஓரம் வெள்ளி அருவியாக விழுகிறது. நின்று படம் எடுத்துக்கொள்வோர் அதைத் தனியோர் அதிசயமாக எண்ணுவர். அது நகரத்து ஏரியின் வால் என்பதை நினைப்போர் சிலரே. அருவியின் கீழும் நீர் நிற்பதில்லை. பழனி மலையின் தென்சரிவு நீர் மஞ்சளாறு, வராக நதி, மருதாநதி முதலியவற்றின் வழியே வையையைச் சேர்ந்ததாகும். வடசரிவு நீர் சண்முக நதி, குதிரையாறு முதலியவற்றால் அமராவதியையும், அதன் வழியே காவிரியையும் சேர்ந்ததாகும். வத்தலக்குண்டு, பெரியகுளம், பழனி ஆகிய ஊர்களின் வயலும் குடமும் இம்மலையை நம்பியவை. உமறுப் புலவர் நாட்டுப் படலத்தில் பாடிய மேகம், மலை, அருவி, ஆறு, வயல் என்ற வரிசை இங்கே கற்பனை அன்று. கண்முன் உள்ள நிலப்படம்.

நீருக்குச் சொன்னது உழைப்புக்கும் பொருந்தும். மலைச்சாலை ஏற்படுமுன், பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தான பாதையில் நாற்காலிகளிலும் டோலிகளிலும் மனிதரை மனிதர் சுமந்து ஏறினர். இரும்புக் கட்டிலும் கண்ணாடிப் பலகணியும் இசைப்பெட்டியும் அவர்கள் தோளில்தான் மலை ஏறின. நடைபாதைக்குக் கோக்கர் பெயர், சாலைக்கு லா என்பவர் பெயர், ஏரிக்கரையில் லெவிஞ்சின் நினைவு. சுமந்தவர் பெயரால் ஒரு படிக்கட்டுகூட இல்லை. பெயர் பொறித்தவர்மீது நமக்கு வழக்கில்லை. பொறிக்கப்படாத பெயர்களுக்கு வரலாற்றில் ஒரு வரியேனும் தரவேண்டும் என்பதே வழக்கு.

நகரம் நாட்டை நோக்கிய தருணமும் ஒன்று உண்டு. அதை மறைத்தால் நாமும் ஒருதலைப்பட்சமாகிவிடுவோம். 1876–78 ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை உலுக்கியபின், கதிரவனின் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று அறியும் வேட்கை எழுந்தது. சூரிய ஆய்வுக்கூடம் சென்னையிலிருந்து கொடைக்கானலுக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1909இல் எவர்ஷெட் என்னும் அறிஞர் சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் ஓடும் இயல்பை அங்கே கண்டறிந்தார். நூறாண்டைக் கடந்தும் அங்கே கதிரவனின் படங்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. சமவெளியின் பசியால் எழுந்த கேள்வியை மலையுச்சியில் நின்று ஆராய்ந்த இச்செய்தி, நகரையும் நாட்டையும் இணைக்கும் அரிய பக்கம். வழிகாட்டி நூல்களோ ஆய்வுக்கூடத்தின் பார்வை நேரத்தோடு நின்றுவிடுகின்றன.

நிறுவியவர் போன பின்

1947க்குப் பின் ஆங்கிலேயர் சென்றனர். வெளிநாட்டு ஊழியர்களும் காலப்போக்கில் குறைந்தனர். இப்னு கல்தூனின் மூன்றாம் சோதனைக்கு அந்நகர் உட்பட்டது. அது சாமர்ரா ஆகவில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 36,501. அது பிழைத்தது எதனால்? பயணிகளால் என்பர் பலர். அது பாதி உண்மை. பூம்பாறையும் மன்னவனூரும் கூக்காலும் அனுப்பிய காய்கறி, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு, கீழ்மலையின் காப்பியும் ஏலமும், பழனிப் பஞ்சாமிர்தத்துக்குச் செல்லும் விருப்பாச்சி மலைவாழை, இவற்றை வாங்கி விற்கச் சமவெளியிலிருந்து ஏறிய எல்லாச் சமயத்து வணிகர்கள், வேலை தேடி வந்த மலைக்கிராமத்து இளைஞர்கள் ஆகிய இவையே மறுபாதி. ஃபாஸ் நகருக்கு அதன் மலை உயிர் தந்தவாறே கொடைக்கானலுக்கும் அதன் மலை உயிர் தந்தது.

இவ்விடத்தில் இப்னு கல்தூனிடமே நாம் ஒரு கருத்து வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். நகருக்கு வெளியே வாழ்வோர் தம் இன்றியமையாத தேவைகளுக்கு நகரை நாடுகின்றனர். நகரத்தாரோ மிகைத் தேவைகளுக்கு மட்டுமே அவர்களை நாடுகின்றனர். ஆதலின் நகரமே மேலோங்கும் என்பது அவர் கருத்து. பாலைவனத்தைக் கண்டு எழுதியவர்க்கு அது சரியாக இருக்கலாம். மழைமலையில் அது தலைகீழாகிறது. பயணிக்குப் படகுச் சவாரி மிகை; குடிநீர் மிகை அன்று. நகரம் மலையிடம் பெறுவது இன்றியமையாததை. மலைக்குத் திருப்பித் தருவதோ பெரும்பாலும் குப்பையை.

இது வெறும் வசை அன்று. அண்மை நூற்றாண்டின் செய்திகளே சான்று. புல்வெளியைப் பயனற்ற தரிசு என்று கருதி, சீகையும் தைலமரமும் பைன் மரமும் நட்டனர். 2018இல் வெளியான ஆய்வொன்று, நாற்பது ஆண்டுகளில் பழனி மலைப் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்றும், மரத்தோட்டங்களும் வேளாண்மையும் அவ்விடத்தைக் கொண்டன என்றும் காட்டியது. வேளாண்மையும் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நாட்டார் அனைவரும் குற்றமற்றோர் என்று நாம் பாடவரவில்லை. 1980களில் பாம்பாறுச் சோலைக்கு மேலே வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று இயங்கத் தொடங்கியது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு நகரின் பழைய பொருள் கடையில் கண்டெடுக்கப்பட்டதும் 2001இல் அது மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு 2016இல்தான் உடன்படிக்கை கிட்டியது. சோலையின் நீர் கீழே யாருடைய குடத்துக்குப் போகிறது என்று முதல் நாளிலேயே கேட்டிருந்தால் அந்த இடத்தை எவரும் தேர்ந்திருக்கமாட்டார்கள். ஒட்டக மேய்ச்சலை மட்டும் பார்த்தவர்களைக் கண்டித்த முகத்திமா ஆசிரியர், இதைக் கண்டிருந்தால் ஒரு வாக்கியம் கூடுதலாக எழுதியிருப்பார்.

நகருக்கு 1993இல் முழுமைத் திட்டம் வகுத்தனர். அதன் எல்லைக்குள்ளேயே விதியை மீறிய கட்டடங்கள் எழுந்து, நீதிமன்றம் தலையிட்டுப் பூட்டச் சொல்லும் நிலை பின்னர் வந்தது. விதி இறுகும்போது கட்டடம் அடுத்த ஊராட்சிக்குத் தாவுகிறது. மலையோ ஊராட்சி எல்லையை அறியாது. 2024 மே மாதம் முதல், சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி, வருவோர்க்கு மின்னணு அனுமதிச்சீட்டு முறை வந்தது. 2025இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு நாள்தோறும் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 என்று வரம்பு கட்டினர். இந்த ஏற்பாடுகளை நாம் வரவேற்கிறோம். ஆயினும் இவையும் நகர வாயிலில் நின்று எண்ணும் கணக்கே. எத்தனை வண்டி ஏறியது என்று எண்ணுகிறோம்; எத்தனை ஓடை வற்றியது என்று எண்ணுவதில்லை. வரலாற்றில் விடுபட்ட படலம் திட்டத்திலும் விடுபட்டிருக்கிறது. எழுதுவோர் செய்த பிழையை ஆள்வோர் தொடர்வது வியப்பன்று. ஆள்வோரும் படித்தது அந்நூலைத்தானே!

ஓர் எதிர்வாதம்

'நகர வரலாறு நகரைத்தான் சொல்லும். மலைமக்களின் வரலாற்றுக்கு வேறு நூல் இருக்கட்டும்' என்று ஒருவர் வாதிக்கலாம். நெல்சன் 1868இல் எழுதிய மதுரை நாட்டு நூலும், பிரான்சிஸ் 1906இல் தொகுத்த மாவட்ட விவர நூலும் குன்னுவரையும் பளியரையும் குறிக்கத்தானே செய்கின்றன என்றும் கேட்கலாம். குறிக்கின்றன. ஆனால் ஓரிடத்தில் சாதி வழக்கமாக, வேறோரிடத்தில் நகரச் சிறப்பாக, இரண்டும் ஒன்றையொன்று அறியாத அயலார்போல நிற்கின்றன. காப்பியத்தில் நாட்டுப் படலத்தைத் தனி நூலாக வெட்டி எடுத்துவிட்டால் நகரப் படலம் என்ன ஆகும்? மாடங்களின் பட்டியல் ஆகும். கொடைக்கானல் வரலாறு இன்று அத்தகைய பட்டியலாகவே நிற்கிறது.

மலைக்கிராமத்தார்க்கும் நகரம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் அவர்கள் அங்கேதான் வருகின்றனர். நகரை இடித்துவிட்டு நாட்டைப் பாடுங்கள் என்று எந்தக் காப்பியப் புலவரும் சொன்னதில்லை. முறை மட்டுமே வேண்டும்: முன்னதை முன் வைத்தல்.

அடுத்து கொடைக்கானலின் வரலாற்றை எழுதப் புகும் தமிழ் இளைஞர் எவரேனும் இக்கட்டுரையைப் படிக்க நேர்ந்தால் அவர்க்கு நம் வேண்டுகோள் இது. 1845ஐ நீக்க வேண்டாம். அந்தக் குழந்தைகளின் கல்லறைகளையும் மறக்க வேண்டாம். லெவிஞ்சின் ஏரிக்கு உரிய புகழைக் குறைக்கவும் வேண்டாம். அவற்றை மூன்றாம் அதிகாரமாக வையுங்கள். முதல் அதிகாரத்தில் மழை பெய்யட்டும். சோலையிலிருந்து ஓடை இறங்கட்டும். இரண்டாம் அதிகாரத்தில் கல்திட்டை எழுப்பியவரும், தேன் எடுத்தவரும், படிவயல் செதுக்கியவரும் வரட்டும். அதன் பின் நகரம் வரட்டும். பூம்பாறையிலிருந்து டவுன் எத்தனை கிலோமீட்டர் என்று அந்நூலில் ஓரிடத்திலேனும் எழுதியிருந்தால், பூண்டு உலர்த்திய அந்தப் பெரியவருக்கு ஒரு படி கொண்டுபோய்க் கொடுக்க நாமே மலை ஏறுவோம்.